தச்சன் வீட்டு அறை

வெளிதேசம் போய் வந்தவர்கள் தமிழில் எழுதியவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவர்கள் பெரும்பாலும் ஓட்டல்களிலோ நம்மவர் வீடுகளிலோதான் தங்கியிருக்கிறார்கள் என்பது தெரியும். ஓட்டலில் தங்குகிறவனுக்கு ஊர் ஒரு காட்சி. நம்மவர் வீட்டில் தங்குகிறவனுக்கு அது மாம்பலத்தின் நீட்சி. ரசம் கிடைத்த விவரம் ஒரு பாராவாவது வந்துவிடும். வாரப் பத்திரிகைகளில் தொடராக வந்த பிரயாணக் கட்டுரைகள் இந்த இரண்டுக்குள் அடங்கிப் போகின்றன. ஏ. கே. செட்டியாரைப் போலத் தன்னைப் பின்னால் நிறுத்திக்கொண்டு எழுதியவர்கள் குறைவு. அசோகமித்திரனின் 'ஒற்றன்!' வேறு தளத்தில் இயங்குகிறது. ஆனால் அதுவும் பல தேசத்து எழுத்தாளர்கள் கூடி வாழ்ந்த ஓர் இடத்தைப் பற்றியது. முன்பின் அறியாத ஒரு குடும்பத்துக்குள், மாதம் இவ்வளவு என்று பணம் கொடுத்து, அவர்கள் சாப்பிடும் மேஜையில் ஒரு நாற்காலியைப் பெற்று மாதக்கணக்கில் இருப்பது இன்னொரு விஷயம். அங்கே காட்சி கிடையாது. ஒரு கதவு, கதவுக்கு வெளியே மாடிப்படி, படியில் யாருடைய காலடி என்று கண்டுபிடிக்கப் பழகிக்கொண்ட காது. அவ்வளவுதான்.

1985 அக்டோபரிலிருந்து 1986 ஜூலை முடிய நான் அப்படி இருந்தேன். மேற்கு ஜெர்மனி என்று அப்போது ஒரு நாடு இருந்தது. அதன் தென்மேற்கில், ஸ்வாபியர்கள் வாழும் பகுதியில், நெக்கார் ஆற்றங்கரையில் டூபிங்கன் என்ற ஊர். 1477இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது. அதைத் தவிர அங்கே போக வெளியூர்க்காரனுக்கு அதிகக் காரணங்கள் இல்லை. ஜெர்மன் படிக்கவும் நூலகத்தில் சில பழைய புத்தகங்களைப் பார்க்கவும் எனக்குப் பத்து மாதம் வாய்த்தது. ஏற்பாடு செய்தவர்கள் வீடும் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

மலைச்சரிவில் மூன்றடுக்கு வீடு. கீழே பாட்டி. நடுவில் அவருடைய மகனும் மருமகளும், பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் பேத்தியும். மேலே கூரைச் சரிவுக்கு அடியில் இரண்டு வாடகை அறைகள். ஒன்றில் ஓய்வு பெற்ற தபால்காரர். மற்றது என்னுடையது. வீட்டுக்காரர் பக்கத்து ஊரான ராய்ட்லிங்கனில், நெசவு இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார்.

என் அறைக் கதவின் உட்புறம் தட்டச்சு செய்த ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. பதினோரு வரிகள். குளியல் வாரத்துக்கு இரண்டு தடவை. இரவு பத்துக்கு மேல் குழாயைத் திறக்கக் கூடாது. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் கூடாது. சமையலறையில் எதையும் எண்ணெயில் பொரிக்கவோ வறுக்கவோ கூடாது. கடைசி வரி: அறையில் உள்ள பொருள்களை இடம் மாற்றக் கூடாது.

மற்ற பத்துக்கும் உடம்பு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. இரவு ஆறரை மணிக்கே முடிந்துவிடும் குளிர்ந்த சாப்பாட்டுக்குக்கூட. ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, புளிக்க வைத்த வெள்ளரிக்காய். நவம்பரில் நாலரைக்கு இருட்டிவிடும் ஊரில் நாளின் கடைசி வாய் உணவு சில்லென்று இருப்பதற்குப் பழகிக்கொள்வது லேசான காரியமில்லை. ஆனால் பதினோராவது வரிதான் அந்த வீடு. அது மகனுடைய அறை. அவனுக்கு இருபது வயது. அதற்கு முந்தைய வருஷம் மேற்கு பெர்லினுக்குப் போய்விட்டான். மேற்கு ஜெர்மனியில் அன்று கட்டாய ராணுவ சேவை இருந்தது. போரில் வென்ற நாடுகளின் பொறுப்பில் இருந்த மேற்கு பெர்லினில் குடியிருப்பவனை ராணுவத்துக்கு இழுக்க முடியாது. அதனால் இளைஞர்கள் நிறையப் பேர் அங்கே போய்க் குடியேறினார்கள். அப்பாவுக்கு அது ஓடிப்போனதாகப் பட்டது. அம்மாவுக்கு என்னவாகப் பட்டது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அறையை வாடகைக்கு விட்டது அப்பாவின் தீர்மானம். இதைத் தபால்காரர் சொன்னார். பணத்துக்காக மட்டுமில்லை, உனக்கு இங்கே இனி இடமில்லை என்று பையனுக்குத் தெரிவிப்பதற்காக. ஆக, நான் அந்த வீட்டில் ஒரு வாக்கியம். அப்பா மகனுக்கு எழுதிய வாக்கியம். அதை மாடிப்படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் வாசிக்க வேண்டியிருந்தவர் அம்மா.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் தூசி துடைக்க வருவார். கதவைத் தட்டிவிட்டு, "மன்னியுங்கள்" என்று சொல்லிவிட்டு, மகனின் மேஜையில் இருந்த பூகோள உருண்டையை, கால்பந்துக் கோப்பையை, மூடி இல்லாத மைப்பேனாவை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைப்பார். இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, கைக்குத் தெரியும். நான் கட்டில் ஓரத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன். பத்து நிமிஷம். எங்களுக்குள் பேச்சு இருக்காது. ஊரில் ஒரு வீட்டில் இப்படி இரண்டு பேர் பத்து நிமிஷம் பேசாமல் இருந்தால் சண்டை என்று அர்த்தம். இங்கே அது சண்டைகூட இல்லை.

கொடுமை எதுவும் நடக்கவில்லை. கொடுமை நடந்தால் புகார் எழுதலாம், வீடு மாற்றிக்கொள்ளலாம். மேஜையில் எனக்கு ரொட்டி குறைந்ததில்லை. என் தேசத்தைப் பற்றி, அம்மாவைப் பற்றி, நான் என்ன படிக்கிறேன் என்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஸ்வாபியர்களிடம் ஒரு வழக்கு உண்டு: திட்டாமல் இருந்தாலே பாராட்டியாயிற்று. இதைத் தங்களைப் பற்றிய வேடிக்கையாகவே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். அதன்படி கிறிஸ்துமஸ் வரை நான் தொடர்ந்து பாராட்டப்பட்டு வந்தேன்.

*

ஜனவரியில் ஒரு ஞாயிறு மாலை என் அறைக் கதவின் வெளிப்புறம், ஆணியில், சிறிய மரப்பலகை ஒன்று தொங்கியது. 'கேர்வோஹெ' என்று எழுதியிருந்தது. பெருக்கும் வாரம் என்று சொல்லலாம். ஸ்வாபிய ஊர்களில் பல குடித்தனங்கள் உள்ள வீடுகளில் மாடிப்படி, வாசல், வீட்டு முன்னால் தெரு நடைபாதை எல்லாவற்றையும் முறை வைத்துச் சுத்தம் செய்வார்கள். பலகை எந்தக் கதவில் தொங்குகிறதோ அந்த வாரம் அவர்கள் முறை. சென்னை ஒண்டுக்குடித்தனங்களில் முறைவாசல் என்போமே, அதேதான். அதுவரை அது பாட்டி வீட்டிலிருந்து மருமகளுக்கும், அங்கிருந்து தபால்காரருக்கும் போய்க்கொண்டிருந்தது. என் கதவை எட்டியதில்லை.

அந்த வாரம் பனி விழுந்தது. காலை ஏழு மணிக்குள் நடைபாதையில் பனியை வழித்து, வழுக்காமல் இருக்கச் சரளை தூவியாக வேண்டும். இருட்டில் மண்வெட்டியோடு தெருவில் நின்றேன். எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அதேபோல் ஆட்கள். எதிர் வீட்டுக்காரர் மண்வெட்டியை நிறுத்தி, "இன்னும் விழும்" என்றார். "ஆமாம், விழும்" என்றேன். மூன்று மாதத்தில் அந்தத் தெருவில் யாரும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. எங்கிருந்து வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்காதது அன்று நிறைவாக இருந்தது. கையில் மண்வெட்டி இருப்பவனிடம் அதைக் கேட்கத் தேவையில்லை.

இரண்டாவது, பருப்பு. சனிக்கிழமை மதியம் பாட்டி சமைப்பார். கோதுமை மாவும் முட்டையும் சேர்த்துப் பிசைந்த இளக்கமான மாவை ஒரு பலகையில் பரப்பி, கத்தியால் இழை இழையாகச் சீவிக் கொதிக்கிற வெந்நீரில் தள்ளுவார்கள். ஸ்பெட்ஸ்லெ. அதற்குத் துணை, தோல் நீக்காத மைசூர்ப் பருப்பை வேகவைத்து வினிகர் விட்ட குழம்பு. முதல் நாள் அந்த வாசனை மாடிப்படியில் ஏறி வந்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டேன். புளிப்பும் வெந்த பருப்பும். கூட்டி நினைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மருமகள் ஊரில் இல்லை. பாட்டிக்கு மணிக்கட்டு வலி. கீழே கூப்பிட்டுப் பலகையைக் கையில் கொடுத்துவிட்டார். நான் சீவியவை கட்டை விரல் பருமனுக்கு விழுந்தன. பாட்டி பார்த்தார், திட்டவில்லை. பிறகு, அந்த வீட்டில் பத்து மாதத்தில் என்னைக் கேட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்.

"உங்கள் ஊரிலும் பருப்பு சாப்பிடுவார்களா?"

"தினமும்."

"தினமுமா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படியானால் நீங்களும் ஏழைகள்தான்."

இதில் இகழ்ச்சி இல்லை. அவர் ஸ்வாபிய ஆல்ப் என்கிற கல் மேட்டுநிலத்தில் பிறந்தவர். வேறொன்றும் விளையாத மண்ணில் பருப்பு விதைத்தார்கள்; தினமும் அதைத் தின்றார்கள். தனியாக விதைக்க முடியாது என்றார். பருப்புச் செடிக்குத் தண்டில் பலமில்லை, தரையில் சாய்ந்துவிடும். அதனால் பார்லியோடு கலந்து விதைத்து, அதைப் பற்றிக்கொண்டு நிற்கவிட்டு, சேர்த்து அறுத்து, களத்தில் பிரித்தெடுப்பார்கள். ஐம்பது அறுபதுகளில் அந்தச் சாகுபடி நின்றுபோயிற்று. விதையும் இல்லாமல் போய்விட்டது என்றார். அன்று நாங்கள் சமைத்தது எங்கிருந்தோ இறக்குமதியானது.

இதைப் பிற்பாடு நடந்ததோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். தொலைந்ததாக நினைத்த அந்த ஆல்ப் பருப்பு ரகங்கள் 2006இல் ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து வாவிலோவ் நிறுவனத்தின் விதைச் சேகரிப்பில் கிடைத்தன. கைப்பிடி விதையிலிருந்து பெருக்கி இன்று மறுபடியும் ஆல்ப் மேட்டில் விளைகிறது. அந்த நகரத்தை, அது லெனின்கிராடாக இருந்தபோது, 1941இலிருந்து 1944 வரை ஜெர்மன் ராணுவம் முற்றுகையிட்டுப் பட்டினி போட்டது. அந்த நிறுவனத்து ஊழியர்கள் சிலர் விதை மூட்டைகளுக்கு நடுவில், அவற்றைத் தின்னாமல், பட்டினியால் இறந்தார்கள். பாட்டியின் கணவர் ரஷ்யாவுக்குப் போன படையில் இருந்து திரும்பி வராதவர். சுவரில் படம் இருந்தது. விதை அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வரும் என்று எங்கள் இருவரில் யாருக்கும் அன்று தெரிய வழியில்லை.

மூன்றாவது சிறியது. அதே மாதம் ஒரு பிற்பகல் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். ஓர் இளைஞன் குரல், "யார்?" என்றது. "மேல் அறையில் இருப்பவன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். பிறகு, "வெப்பக் குழாய் இன்னும் விடியற்காலை நாலு மணிக்குத் தட்டுகிறதா?" என்று கேட்டான். தட்டுகிறது என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரே குழாய் ஓசைக்கு விழித்துக்கொண்ட இரண்டு பேர். பாட்டியைக் கூப்பிட முடியுமா என்றான். கீழே போய் அழைத்து வந்தேன். அவர் பேசி முடித்து ஏப்ரனால் தொலைபேசியைத் துடைத்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே இறங்கிப் போனார். மாலையில் சாப்பாட்டு மேஜையில் அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் வெள்ளிக்கிழமை மௌனம் இல்லை. அதற்குள் ஆள் இருந்தது.

*

நூலகம் மூடிய பிறகு ஆறரைக்கு முன்னால் வீடு திரும்பப் பிடிக்காது. ஆற்றங்கரையில் நடப்பேன். தீவில் பிளேன் மரங்களின் நீண்ட வரிசை. அங்கிருந்து பார்த்தால் எதிர்க்கரையில், தண்ணீரை ஒட்டி, கூம்புக் கூரை போட்ட மஞ்சள் கோபுரம். கவிஞன் ஹோல்டர்லின் அங்கேதான் இருந்தான். உண்மையில் அந்தக் கோபுரம் 1875இல் எரிந்து, வேறு வடிவத்தில் திரும்பக் கட்டப்பட்டது. அதனால் பக்தி கொள்ள அங்கே சுவர்கூட மிச்சமில்லை. பக்தி எனக்கு நோக்கமும் இல்லை. ஒருவன் பிறர் வீட்டில் முப்பத்தாறு வருஷம் எப்படி இருந்தான் என்று அறிந்துகொள்ள எனக்குச் சொந்தக் காரணம் இருந்தது.

விவரங்கள் தெரிந்தவைதான். 1806இல் புத்தி பேதலித்தவனாக டூபிங்கன் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1807இல், இனித் தேறாது, அதிகம் போனால் மூன்று வருஷம் என்று சொல்லி வெளியே விட்டார்கள். எர்ன்ஸ்ட் ஸிம்மர் என்ற தச்சன் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். ஸிம்மர் என்றால் ஜெர்மனில் அறை என்று பொருள். அவன் 'ஹைப்பீரியன்' படித்திருந்தான்; அதை எழுதியவனுக்கு இந்தக் கதியா என்றுதான் அழைத்துப் போனான். மூன்று வருஷம் முப்பத்தாறாக நீண்டது. 1838இல் தச்சன் இறந்துபோனான். அதற்குப் பிறகும் அவன் மகள் லோட்டெ பார்த்துக்கொண்டாள்.

ஹோல்டர்லினைப் பார்க்க வந்தவர்கள் எழுதி வைத்த குறிப்புகளில் அவனுடைய மரியாதை பெரிய வேடிக்கையாக வருகிறது. யார் வந்தாலும் மாட்சிமை தங்கிய மன்னரே, புனிதத் தந்தையே என்று விளித்து வளைந்து வளைந்து வணங்குவான். கேட்டவர்களுக்குப் பருவங்களைப் பற்றிச் சிறு கவிதைகள் எழுதிக் கொடுத்தான். கீழே ஸ்கார்டனெல்லி என்று வேறு பெயரில் கையெழுத்து. தேதி நூறு வருஷம் முன்னே பின்னே இருக்கும். ஆமாம் என்றும் இல்லை என்றும் ஒரே சமயத்தில் பொருள்படும்படி 'பல்லாக்ஷ்' என்ற சொல்லைப் பயன்படுத்தினான். பால் செலான் 1961 ஜனவரியில் டூபிங்கனை வைத்து எழுதிய கவிதை அந்தச் சொல்லில்தான் முடிகிறது. இவற்றையெல்லாம் நோயின் அறிகுறிகள் என்று படிக்கலாம்; அப்படித்தான் படித்தார்கள். பிறர் வீட்டில் மாதக்கணக்கில் இருந்த ஒருவனுக்கு அவை அவ்வளவு அந்நியமாகப் படாது. சாப்பாட்டு மேஜையில் இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்கும்போது, வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் ஒருசேர வாயில் வந்து நிற்கும். அளவு மீறிய மரியாதை, மேலே வராதே என்று சொல்வதற்கு ஏழைக்குக் கிடைத்திருக்கும் ஒரே வழி.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது இவை இல்லை. 1812 ஏப்ரலில் தச்சன் ஹோல்டர்லினின் தாய்க்கு எழுதிய கடிதத்தில் ஒரு சம்பவம் வருகிறது. தச்சனிடம் கோவில் ஒன்றின் வரைபடம் இருந்தது. ஹோல்டர்லின் அதைப் பார்த்துவிட்டு, இதைப்போல் மரத்தில் ஒன்று செய்து தர வேண்டும் என்றான். தச்சன் மறுத்துவிட்டான். நான் சாப்பாட்டுக்காக உழைக்க வேண்டியவன், உங்களைப்போலத் தத்துவார்த்தமான ஓய்வில் வாழும் பாக்கியம் எனக்கு இல்லை என்றான். நானும் ஒரு எளிய மனிதன்தானே என்று ஹோல்டர்லின் சொல்லிவிட்டு, அந்த நிமிஷமே, பென்சிலை எடுத்துப் பலகை ஒன்றில் நான்கு வரி எழுதிக் கொடுத்தான். அந்த நான்கு வரி அவனுடைய பிற்காலக் கவிதைகளில் மிகத் தெளிவானவற்றில் ஒன்று. வணக்கம் இல்லை, மாட்சிமை இல்லை.

இங்கே விமர்சகர்கள் கவிதையைப் பார்ப்பார்கள். எனக்குத் தச்சனின் மறுப்புதான் முக்கியம். அவன் உபசாரம் செய்யவில்லை. பைத்தியத்தைச் சமாதானப்படுத்தும் குரலில், ஆகட்டும் செய்கிறேன் என்று சொல்லவில்லை. இன்னொரு மனிதனிடம் சொல்வதைச் சொன்னான்: எனக்கு வேலை இருக்கிறது. கொஞ்சம் குத்தலும் அதில் இருக்கிறது. அந்தக் குத்தல் பட்ட இடத்தில்தான் எதிரே இருந்தவன் வெளியே வந்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தச்சன் செலவுக் கணக்கும் அனுப்பினான், பணம் வாங்கினான். இதைச் சிலர் அவனுடைய அன்புக்குக் குறைவாகப் பார்க்கிறார்கள். நானும் மாதம் 380 மார்க் கொடுத்தவன்தான். பணம் கொடுத்தவன் நன்றியாக இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்கியவனுக்குப் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த இரண்டு சுமையும் இறங்கிய பிறகு மிஞ்சுவது எதுவோ அது நிஜமாக இருக்க வாய்ப்பு உண்டு.

விருந்தோம்பலுக்குக் குறளில் ஓர் அதிகாரமே வைத்திருக்கும் மொழி நம்முடையது. வந்தவன் முகம் வாடக்கூடாது என்று நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. ஆனால் நம் உபசாரத்தில் வந்தவன் கடைசிவரை வந்தவனாகவே இருக்கிறான். வாழை இலையின் நுனி அவன் பக்கம். விலகி நின்று பரிமாறும் வீட்டுக்காரி சமையலறையில் என்ன பாடு படுகிறாள் என்பது அவனுக்குத் தெரியக்கூடாது. துடைப்பத்தை அவன் கையில் கொடுக்க நமக்கு மனம் வராது. அதனால் இரண்டு நாளைக்கு மேல் நம் வீட்டில் யாரும் தாங்குவதில்லை, வந்தவரும் சரி, இருந்தவரும் சரி. தச்சன் வீட்டில் ஒருவன் முப்பத்தாறு வருஷம் தாங்கியிருக்கிறான். அவனை யாரும் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. மேலும் கீழும் நடக்கவிட்டார்கள். பியானோவில் ஒரே துண்டை மணிக்கணக்கில் வாசிக்கவிட்டார்கள். இடம் கொடுப்பதற்குப் புரிந்துகொள்வது ஒரு முன் நிபந்தனையில்லை என்பது அந்த வீட்டின் கதை.

*

1986 ஏப்ரல் 26ஆம் தேதி செர்னோபிலில் அணு உலை வெடித்தது. நான்கைந்து நாளில் கதிரியக்க மேகம் தெற்கு ஜெர்மனிக்கு மேல் வந்து, மழை அதை இறக்கியது. கண்ணுக்குத் தெரியாது, மணம் இல்லை. மே மாதம், ஆப்பிள் மரங்கள் பூத்துக் கிடந்தன. குழந்தைகளை மணலில் விளையாட விடாதீர்கள், கீரை வகைகளைச் சாப்பிடாதீர்கள், பாலில் அயோடின் 131 இருக்கிறது என்று வானொலி சொல்லிக்கொண்டே இருந்தது. விவசாயிகள் முளைத்து நின்ற பசளியையும் லெட்யூஸையும் உழுது மண்ணோடு மூடினார்கள். அயோடின் எட்டு நாளுக்கு ஒரு தடவை பாதியாகும். சீசியம் 137 பாதியாக முப்பது வருஷம். அந்தக் காடுகளில் காட்டுப் பன்றி சுடுகிறவர்கள் இன்றும் கறியைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள்.

வீட்டுக்கார அம்மாள் பின் தோட்டத்தில் லெட்யூஸ் போட்டிருந்தார். அந்த வாரம் ஒரு மாலை, அவர் கையுறை போட்டுக்கொண்டு அவற்றைப் பிடுங்கிப் பையில் அடைப்பதை மேல் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இறங்கிப் போய், இன்னொரு ஜோடிக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, மறு ஓரத்திலிருந்து பிடுங்க ஆரம்பித்தேன். அவர் தடுக்கவில்லை. இருபது முப்பது செடிகள்தான். மண் வாசனை எப்போதும் போலத்தான் இருந்தது. பாதியில் தூறல் விழுந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். மீதி இருந்த நாலு செடியை முடித்துவிடலாம் என்று நான் நின்றேன்.

வாசற்படியில் திரும்பி நின்று கத்தினார். "உள்ளே வா! உடனே! மழையில் நிற்காதே!"

ஜெர்மனில் நம்மைப் போலவே நீ, நீங்கள் இரண்டும் உண்டு. நீங்கள் என்பதற்கு 'ஸீ', நீ என்பதற்கு 'டூ'. நீங்களிலிருந்து நீக்கு இறங்குவது அங்கே சம்பிரதாயமான விஷயம். வயதில் மூத்தவர் முன்மொழிய வேண்டும், சிலர் வருஷக்கணக்கில் மொழிவதில்லை. ஏழு மாதமாக எனக்கு ஸீதான். அந்தத் தூறலில் வந்தது டூ. தாய் ஒருத்தி பையனை அதட்டுகிற குரல். போனேன். படியில் ஒரு துண்டைத் தலையில் வீசினார். "செருப்பை வெளியே விடு. தலையைக் கழுவு. வெந்நீரில்." அன்று புதன்கிழமை. என் குளியல் நாள் செவ்வாயும் சனியும்.

மறுநாள் காலை, "தேநீர் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஸீ திரும்பி வந்துவிட்டது. ஜூலை வரை அதுதான்.

அந்த டூ எனக்குரியதா, அறைக்குரியதா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பெர்லினிலும் அந்த வாரம் மழை பெய்திருக்கலாம். கூப்பிட முடியாத ஒருவனைக் கூப்பிடுவதற்கு அவருக்கு வாகாக ஓர் உருவம் தோட்டத்தில் நின்றது. அப்பா எழுதிய வாக்கியத்தை அம்மா ஒரு கணம் திருத்தி வாசித்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியே இருக்கட்டும். மழை என் மேல்தான் பெய்தது. துண்டு என் தலையில்தான் விழுந்தது. அன்பு என்பது முகவரி சரிபார்த்துத்தான் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பவனுக்கு வாழ்நாளில் கிடைப்பது சொற்பம்.

பத்து மாதத்தில் இவ்வளவுதான் தேறுகிறது. ஒரு மண்வெட்டி, ஒரு பலகை மாவு, ஒரு குழாய் ஓசை, ஒரு தூறல். மொத்தம் ஒரு நாள் பொழுதுக்குக்கூட வராது. மற்ற முந்நூறு நாள் குளிர்ந்த ரொட்டி. இவை அந்த முந்நூறை ஈடுசெய்தன என்று நான் சொல்லமாட்டேன். ஈடு என்ற கணக்கு இங்கே பொருந்தாது. இந்த நாலிலும் யாரும் எனக்கு நல்லது செய்ய முயலவில்லை என்பதை மட்டும் கவனிக்கிறேன். பனியை வழிக்க ஆள் வேண்டியிருந்தது, மணிக்கட்டு வலித்தது, பாட்டியைக் கூப்பிட வேண்டியிருந்தது, விஷ மழை பெய்தது. வீடு தன் வேலையில் இருந்தபோது நான் வழியில் நின்றேன். வெளிச்சம் அப்போது விழுந்தது.

கிளம்பும் நாளன்று வீட்டுக்கார அம்மாள் கணக்குச் சீட்டு கொடுத்தார். தொலைபேசிக்கு இவ்வளவு, கூடுதல் வெப்பத்துக்கு இவ்வளவு, பெனிக் பிசகவில்லை. மே மாதத்துப் புதன்கிழமைக் குளியல் அதில் இல்லை. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு கை குலுக்கினார். "குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை" என்றார். அந்த ஊரில் அதற்கு மேல் வார்த்தை கிடையாது.

1843 ஜூன் 7ஆம் தேதி இரவு ஹோல்டர்லின் இறந்தான். அன்று இரவே லோட்டெ அவனுடைய சகோதரனுக்குக் கடிதம் எழுதினாள். அன்று மாலை பியானோ வாசித்தார், எங்கள் அறையில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டார், படுக்கப் போனவர் படபடப்பாக இருக்கிறது என்று எழுந்துவிட்டார் என்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறாள். அவள் பிறந்ததிலிருந்தே அவன் அந்த வீட்டில் இருந்திருக்கிறான். எங்கள் அறையில் சாப்பிட்டார் என்பதை அப்போதும் அவள் தனியாகக் குறிப்பிட வேண்டியிருந்தது.